ஜெர்மன் பேசும் அக்கம்பக்கத்தாரோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஸ்டுட்கார்ட் தந்தை:
போன மாதம் நடந்தது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஊறுகாய், ஜாம் பாட்டில்கள் இரண்டு பை நிறையச் சேர்ந்துவிட்டதால், ஒரு ஞாயிறு காலையில் ஆறு வயது மகளோடு தெருமுனையில் காலிக் கண்ணாடிப் பாட்டில்களைப் போடும் தொட்டிக்குப் போனேன். வெள்ளை, பழுப்பு, பச்சை எனத் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நீலப் பாட்டில் பச்சைத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று கற்றுத்தந்தவள் அவள்தான். "இன்றைக்குப் போடக்கூடாது அப்பா" என்று வழியில் அவள் இருமுறை சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மூன்றாவது பாட்டில் உள்ளே விழுந்து நொறுங்கியதும், எதிர் மாடியிலிருந்து ஒரு பெரியவர், ரயில் நிலைய அறிவிப்பைப் போலக் கோபமே இல்லாத குரலில், "ஹொய்ட்டெ இஸ்ட் ஸொன்டாக்" (இன்று ஞாயிறு) என்றார். நான் வாய் திறப்பதற்குள் மகள் அண்ணாந்து பார்த்து, மன்னிக்க வேண்டும், என் அப்பாவுக்கு இது தெரியாது என்று சுத்தமான ஜெர்மனில் சொல்லிவிட்டாள். மீதிப் பாட்டில்கள் அடிக்கு அடி கிலுகிலுக்க வீடு திரும்பினோம். அவள் என்னோடு வராதவளைப் போலப் பத்தடி முன்னால் நடந்தாள்.

பேர்ன் வாசி:
உங்கள் மகளின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். தொண்ணூறுகளில், எனக்குப் பதினொரு வயது. சுவிஸ் மாடிக் குடியிருப்புகளில் நிலவறைச் சலவை அறைக்கு முறைநாள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு நாள். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் நினைத்த நேரம் தோய்த்துப் பழகிய அம்மா, யாரும் இல்லையே என்று வேறொருவரின் நாளில் துணிகளைப் போட்டுவிட்டார். மாலையில் இறங்கிப் பார்த்தபோது, அம்மாவின் சேலைகள் கூடையில் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு கடிதம். இது எங்கள் நாள், இனி ஒருமுறை நடந்தால் வீட்டு நிர்வாகத்துக்கு எழுதுவோம் என்று அதில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். "துணி காய்ந்துவிட்டது, மடித்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்" என்றேன். மறுநாள் அம்மா ஒரு தட்டு நிறைய வடை சுட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் கதவைத் தட்டினார். அவர் தட்டை வாங்கிக்கொண்டு "மெர்சி வில்மால்" (மிக்க நன்றி) என்றார். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை உண்மை தெரியாது.

மியூனிக் மூத்தவர்:
இருவரும் தேவையில்லாமல் வருந்துகிறீர்கள். ஸ்டுட்கார்ட் நண்பரே, அந்தப் பெரியவர் உங்களை அவமதிக்கவில்லை. ஞாயிற்று ஓய்வு ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பின் 139ஆம் பிரிவில் எழுதப்பட்டு, இன்றைய அரசியலமைப்பான 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்துக்குள்ளும் அதன் 140ஆம் பிரிவின் வழியாக வந்த விஷயம்; கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு அட்வெண்ட் ஞாயிறுகளிலும் பெர்லின் கடைகள் திறப்பதைக்கூட 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. பேர்ன் நண்பர் செய்தது, மன்னிக்கவும், தாயை ஏமாற்றியதுதான். என் வீட்டிலும் ஒரு முறை, மகனின் பிறந்தநாளன்று, கீழ்வீட்டுக்காரர் இரவு பத்தேகாலுக்கு அழைப்பு மணியை அடித்தார். அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் சில வழிகளைச் சொல்கிறேன். குடிபுகுந்த அன்றே வீட்டு ஒழுங்குவிதித் தாளை வரி விடாமல் படியுங்கள். விருந்து வைக்கும் முன் நாளையும் நேரத்தையும் எழுதிப் படிக்கட்டில் ஒட்டுங்கள். "நீங்களும் வாருங்கள்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். மாதம் ஒரு முறை சத்தம் போட உரிமை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு சட்டம் கிடையாது. குழந்தைகள் காப்பகத்திலும் விளையாட்டுத் திடலிலும் எழுப்பும் ஓசைக்கு 2011 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைக் காட்டி இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக்குள் பந்து உதைக்க விடாதீர்கள்.

வியன்னா மருமகள்:
மூத்தவரே, இங்கே யாரும் ஆலோசனை கேட்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை தாயின் முகம் வாடாமல் காத்ததை ஏமாற்று என்பது கொடுமை. விதி தெரிந்தால் போதும் என்கிறீர்கள், எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மூன்று மாத விசாவில் வந்திருந்த என் மாமியார், ஒரு ஞாயிறு பதினொரு மணிக்கு இரும்பு உரலில் மிளகு இடித்தார். ஐந்தே நிமிடத்தில் கீழ்வீட்டு அம்மையார் வாசலில் நின்று, இன்று ஓய்வு நாள் என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே மேல்வீட்டில் யாரோ ஷ்னிட்செல் என்ற வியன்னாவின் பேர்பெற்ற பொரியலுக்காக இறைச்சியைத் தட்டத் தொடங்க, சுவரெல்லாம் அதிர்ந்தது. மாமியார் விட்டத்தைச் சுட்டிக்காட்டி, "அது மட்டும் என்னவாம்?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த அம்மையாருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "அது ஷ்னிட்செல்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஸ்டுட்கார்ட் தந்தை:
அந்தத் தொட்டியில் நேரம் அச்சிட்டே ஒட்டியிருக்கிறார்கள்: வேலை நாட்களில், சனியும் சேர்த்து, 7 முதல் 20 மணி வரை. மீதிப் பாட்டில்களோடு சனிக்கிழமை போனேன். பெரியவர் மாடியிலிருந்து கையசைத்தார். மகளையும் அழைத்திருந்தேன், அவள் தன் அறையிலிருந்தபடியே கிழமையை உறுதிப்படுத்திக்கொண்டு, நீங்களே போய்வாருங்கள் என்றாள்.