கொரிய மொழி: கேட்டு எழுதும்போது இரண்டு 'ஏ' எழுத்துகள் குழம்புகின்றன

ஹங்குல் (கொரிய எழுத்துமுறை) எழுதத் தொடங்கி 4 மாதம் ஆகிறது. சென்னையில் தனியாகப் படிக்கிறேன். தினமும் 10 வாக்கியம் கேட்டு, கட்டம் போட்ட நோட்டில் எழுதுகிறேன். பார்த்து எழுதினால் பிழையே வருவதில்லை. கேட்டு எழுதினால்தான் சிக்கல்.

பாட்சிம் (அசையின் அடியில் எழுதும் இறுதி மெய்) பிழைகள் ஓரளவு சரியாகிவிட்டன. பகல், முகம், அரிவாள் மூன்றுக்குமான கொரியச் சொற்களைத் தனியாகச் சொன்னால் 'நத்' என்றுதான் கேட்கும். பின்னால் 'இ' உருபு சேர்த்தால் நஜி, நச்சி, நசி என்று பிரிந்துவிடும். புதிதாகப் படிப்பவர்கள் இதை அவசியம் செய்து பாருங்கள்.

உயிரெழுத்துக்கு அந்த வழி இல்லை. இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே சிறு கோடு வந்தால் ஒரு 'ஏ', முதல் கோட்டுக்கு இடப்புறம் நீட்டினால் இன்னொன்று. நாயும் நண்டும் இந்த ஒரு கோட்டில்தான் வேறுபடுகின்றன, காதுக்கு இரண்டும் 'கே'. இன்றைய சியோல் பேச்சில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டதால், ஒலிப்பதிவை 0.75 வேகத்தில் கேட்டும் பயனில்லை. சொல் அட்டைகள் 60 எழுதினேன். பழகிய சொற்கள் சரி, புதுச் சொல் வந்தால் மறுபடியும் ஊகம்தான்.

புதுச் சொல்லில் எந்த 'ஏ' வரும் என்று கண்டுபிடிக்க ஏதாவது விதி உண்டா, அல்லது சொல் சொல்லாக மனப்பாடம்தான் வழியா?