ஆன்டாலஜிக்கு 'இருப்பியல்' பொருந்துமா?

வணக்கம்.

ஆன்டாலஜி (ontology) என்ற சொல்லைத் தமிழில் 'இருப்பியல்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெய்யியலில் சரி, அங்கே அது எவையெல்லாம் இருக்கின்றன என்று ஆராயும் ஒரு துறை. கணினியில் அது ஒரு கோப்பு. இன்னின்ன வகைகள் உண்டு, இது அதன் உட்பிரிவு, இதற்கும் அதற்கும் இன்ன உறவு என்று இரண்டு கணினிகள் படிக்கும்படி எழுதிவைத்தது. "அந்த இரண்டு இருப்பியல்களையும் இணைத்துவிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முழிப்பார். 'இயல்' என்று முடிந்தாலே பன்மை ஒட்டமாட்டேன் என்கிறது.

கணினி அறிவியலாளர் டாம் குரூபர் 1993-இல் சொன்ன வரையறையின் சாரம், ஒரு கருத்தாக்கத்தை வெளிப்படையாக வரையறுத்து வைப்பது என்பதுதான். அதனால் 'கருத்தமைப்பு' என்கிறேன். பலரும் பகிர்ந்தால் பொதுக் கருத்தமைப்பு. 2004-இல் வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்த ஆவுல் (OWL, Web Ontology Language), வலைக் கருத்தமைப்பு மொழி. இடறாமல் வருகிறது.

'பொருளமைப்பு' வேண்டாம். ஆப்ஜெக்டுக்கு ஏற்கெனவே பொருள் என்கிறோம், அர்த்தமும் பொருள், காசும் பொருள். 'திணை' என்றே வைத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன், உயர்திணை அஃறிணை என்று உலகத்தையே பிரித்துவைத்த மொழியாயிற்றே! ஆனால் திணை ஒரு வகையைத்தான் சொல்லும், வகைகளின் மொத்த ஏற்பாட்டை அல்ல. விட்டுவிட்டேன்.

அப்புறம் செமான்டிக் இன்டரோபரபிலிட்டி, அதாவது இரண்டு கணினிகள் பரிமாறும் தரவின் அர்த்தத்தையும் ஒன்றுபோலப் புரிந்துகொண்டு சேர்ந்து இயங்குவது. 'பொருள்சார் இடைச்செயற்பாடு' என்றால் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. 1999-இல் செவ்வாயை நெருங்கும்போது நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் கணக்கை அனுப்பியது, வாங்கியது அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது, சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். எண்கள் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன, யாரும் கோப்பைத் திறக்க முடியாமல் தவிக்கவில்லை, எண் எதைக் குறிக்கிறது என்பதுதான் போய்ச் சேரவில்லை. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரியவேண்டும். கோப்பு வடிவம் மட்டும் ஒத்துப்போவது 'வடிவ இணைந்தியங்கல்', அர்த்தமும் ஒத்துப்போவது 'பொருளுணர் இணைந்தியங்கல்'. இங்கே 'உணர்' பக்கத்தில் இருப்பதால் பொருள் என்பது அர்த்தம்தான் என்று குழப்பமில்லாமல் தெரிகிறது.

நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். 'இன்டரோபரபிள்' என்ற பெயரடைக்கு 'இணைந்தியங்கக்கூடிய' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே மூச்சு வாங்குகிறது. சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.