ஆண்ட்ரூ வாட்சன் இறந்தது சிட்னியிலா, லண்டனிலா? பதிவேடு தேடத் தெரிந்தவர்கள் உதவவும்

மூன்றாம்விசில்:

வணக்கம். மாதம் ஒருமுறை எங்கள் ஊரில் விளையாட்டு வினாடி வினா நடத்துகிறேன். போன ஞாயிறு ஒரு கேள்வியால் மானம் போனது. "நாட்டுக்காக ஆடிய முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் ஆண்ட்ரூ வாட்சன் எந்த ஊரில் இறந்தார்?" என்று கேட்டேன். என் நோட்டில் சிட்னி என்று இருக்கிறது, என்றைக்கோ எங்கோ படித்துக் குறித்தது. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து "லண்டன் சார்" என்றான். தப்பு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவன் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பையன் சொன்னதுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. சரி, கட்டுரைகளை விட்டுவிட்டு மூல ஆவணத்தையே பார்த்துவிடலாம் என்று, அவர் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர் என்பதால், ஸ்காட்லாந்து அரசின் பதிவேட்டுத் தளத்தில் கணக்கு தொடங்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

1856, 1857 என்று போட்டுப் பிறப்பைத் தேடினால் ஆண்ட்ரூ வாட்சன்கள் வரிசை கட்டி வருகிறார்கள். ஒரு படத்தைத் திறக்க 6 கிரெடிட், அதாவது ஒன்றரைப் பவுண்டு. நாலு திறந்தேன். ஒருவருக்கு அப்பா சுரங்கத் தொழிலாளி, ஒருவருக்கு நெசவாளி, மற்ற இரண்டும் அதே ரகம். இறப்புப் பக்கத்திலும் பொருந்துகிற ஆள் இல்லை. போதாததற்கு, ஓரிடத்தில் மனைவி பெயர் ஜெஸ்ஸி என்கிறார்கள், இன்னோரிடத்தில் எலைசா. இரண்டு ஆட்களை ஒருவராக்கிவிட்டார்களோ என்று சந்தேகம். 1921ஆம் ஆண்டு இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லண்டன் பக்கம் தேடியும் இல்லை. 1921 வரை லண்டனில் இருந்தார் என்றால் அதில் வர வேண்டுமா இல்லையா?

சாக்பீஸ்:

விக்கிப்பீடியாவிலேயே லண்டன் என்று இருக்கிறதே சார், இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

மூன்றாம்விசில்:

தப்பான பதிலை மைக்கில் சொன்னவன் நான். "அங்கே அப்படிப் போட்டிருக்கு தம்பி" என்று போய் நிற்க மனசில்லை. தாளைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

பழந்தாள்:

ஆறு பவுண்டு போனது போகட்டும், ஐந்தாவது படத்தைத் திறக்காதீர்கள். அவருடைய பிறப்பு அந்தத் தளத்தில் கிடைக்கவே கிடைக்காது. ஸ்காட்லாந்துக்கு ஆடியவர் ஸ்காட்லாந்தில்தான் பிறந்திருப்பார் என்று நினைத்தது முதல் வழுக்கல். அவர் பிறந்தது தென்னமெரிக்காவில், அப்போதைய பிரிட்டிஷ் கயானாவில், 1856 மே 24. டெமராரா என்று அந்தப் பகுதிக்குப் பேர், சர்க்கரைக்குப் பேர்போன இடம். அப்பா பீட்டர் மில்லர் வாட்சன், கரும்புத் தோட்டத்தில் பணம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர். அம்மா ஹன்னா ரோஸ், அந்த ஊர்ப் பெண். ஆண்ட்ரூ சிறுவனாக இருக்கும்போதே அப்பாவோடும் அக்கா அனெட்டாவோடும் பிரிட்டன் வந்துவிட்டார். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் ஹீத் கிராமர் பள்ளி, 1871 முதல் லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளி. அதற்குள், 1869இலேயே, அப்பா தவறிவிட்டார். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொறியியலும் படிக்கச் சேர்ந்து, ஒரு வருஷத்தில் விட்டுவிட்டார்.

கணக்கெடுப்பில் தேடும்போது பெயர்ப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள், பிறந்த இடத்தையும் சேர்த்துப் போடுங்கள். வாட்சன்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், டெமராராவில் பிறந்த வாட்சன்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? எழுத்தரின் காதில் விழுந்ததுதான் தாளில் ஏறியிருக்கும், அதனால் அந்த ஊர்ப் பெயரை நாலு விதமாக எழுதிப் பாருங்கள். கயானா என்று போட்டும் பாருங்கள்.

அடுத்தது மனைவி. பெண்கள் இரண்டு பேர், ஆள் ஒருவர்தான். 1877 நவம்பரில் கிளாஸ்கோவில் ஜெஸ்ஸி நிம்மோ ஆர்மரை மணந்தார். ரூபர்ட், ஆக்னஸ் என்று இரண்டு பிள்ளைகள். 1882இல் லண்டனுக்குக் குடிபோனார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே ஜெஸ்ஸி இறந்துவிட்டார். பிள்ளைகளைக் கிளாஸ்கோவில் தாத்தா பாட்டி வீட்டில்தான் விட வேண்டியிருந்தது. 1887 பிப்ரவரியில் மறுபடி கிளாஸ்கோவிலேயே எலைசா கேட் டைலரை மணந்தார். இந்தத் திருமணத்தில் ஹென்றி, ஃபில்லிஸ்.

இரண்டு கல்யாணமும் ஸ்காட்லாந்தில் நடந்தது உங்கள் அதிர்ஷ்டம். அக்கால இங்கிலாந்துத் திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் அப்பா பெயர் மட்டும்தான். ஸ்காட்லாந்தில் 1855இல் பதிவுச் சட்டம் வந்த நாளிலிருந்தே அம்மா பெயருக்கும் இடம் உண்டு, அதுவும் பிறந்த வீட்டுப் பெயரோடு. 1877 பதிவையும் 1887 பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாப்பிள்ளையின் தாய் தந்தை கட்டத்தை மட்டும் பாருங்கள். ஒரே ஆளா இல்லையா என்பது அங்கே முடிந்துவிடும். தேடும்போது வாட்சன் என்று தேடாதீர்கள், ஆர்மர் என்றும் டைலர் என்றும் தேடுங்கள். நான் தேடிய குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படிப் பெண் வீட்டு வழியாகத்தான் கைக்கு வந்தன.

மூன்றாம்விசில்:

ஐயா, கோடி நன்றி. 1921 மட்டும் இன்னும் இடிக்கிறதே?

பழந்தாள்:

இடிக்கவில்லை. 1921 கணக்கெடுப்பு ஏப்ரலில் நடக்க வேண்டியது, வேலைநிறுத்தப் பயத்தில் தள்ளிப்போய் ஜூன் 19 ராத்திரி எடுத்தார்கள். வாட்சன் இறந்தது அதே வருஷம் மார்ச் 8. லண்டன் கியூ பகுதியில் ஃபாரஸ்ட் ரோட்டு வீட்டில், நிமோனியாவில். செத்தவர் பெயரைக் கணக்கெடுப்பில் தேடியிருக்கிறீர்கள்! 1911க்குப் போங்கள். அந்தத் தாளை வீட்டுக்காரரே தன் கையால் நிரப்ப வேண்டும். மனைவி பக்கத்தில் கல்யாணமாகி எத்தனை வருஷம், எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்றெல்லாம் கேள்விகள் உண்டு. இறப்பு இங்கிலாந்தில் என்பதால் அதை ஸ்காட்லாந்துத் தளத்தில் தேடியும் பயனில்லை. இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் தாய் தந்தை பெயர் வராது, ஆனால் தகவல் கொடுத்தவர் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். கல்லறை ரிச்மண்டில். ரொம்ப காலம் புதர் மண்டிக் கிடந்ததை இப்போது சீர்செய்திருக்கிறார்கள்.

கரையோரன்:

சிட்னி கதை எப்படி ஒட்டியது என்று எனக்கொரு ஊகம். 1887க்குப் பிறகு அவர் லிவர்பூல் பக்கம் போய், தேர்வெழுதிக் கப்பல் இன்ஜினீயர் ஆனார். கப்பலில் போனவர், கடைசியாக எங்கே என்று தெரியவில்லை, ஆஸ்திரேலியாவில் அதே பெயரில் ஒரு இறப்பு. முடிச்சுப் போட இது போதாதா? நம் ஊரில் பர்மா போன தாத்தாவுக்கு இதே மாதிரி மூன்று சமாதி இருக்கும்.

தேடுகிறவர்களுக்கு ஒன்று. கடலோடிக் குடும்பங்களில் கணக்கெடுப்பு ராத்திரி ஆள் கப்பலில் இருந்தால் வீட்டுத் தாளில் பெயர் வராது. மனைவிதான் தலைவி மாதிரி நிற்பார், தொழில் கட்டத்தில் இன்ஜினீயர் மனைவி என்று இருக்கும். அங்கேயும் எலைசாவைத்தான் பிடிக்க வேண்டும்.

சாக்பீஸ்:

ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! மூன்றே சர்வதேசப் போட்டி. 1881 மார்ச் 12, லண்டன் ஓவலில் இங்கிலாந்துக்கு எதிராக, முதல் ஆட்டத்திலேயே கேப்டன், 6-1. இங்கிலாந்து சொந்த மண்ணில் வாங்கிய மிகப் பெரிய அடி இன்றுவரை அதுதான். இரண்டு நாள் கழித்து ரெக்ஸமில் வேல்ஸை 5-1. அடுத்த வருஷம் கிளாஸ்கோவில் இங்கிலாந்தை மறுபடி 5-1. இவர் ஃபுல் பேக்காக, அதாவது பின்வரிசைத் தடுப்பாட்டக்காரராக, நின்ற மூன்று ஆட்டத்தில் அணி வாங்கியது மொத்தமே மூன்று கோல். லண்டனுக்குக் குடிபோனதோடு எல்லாம் முடிந்தது. ஸ்காட்லாந்தில் குடியிருப்பவரைத்தான் எடுப்போம் என்று அப்போது ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் பிடிவாதமாக இருந்தது.

மூன்றாம்விசில்:

அப்படியானால் பிழைப்புக்கு என்ன செய்தார்? ஆட்டத்தில் காசு கிடையாதே?

சாக்பீஸ்:

அப்பா விட்டுப்போன சொத்துதான். கிளாஸ்கோவில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் பங்குதாரர். பார்க்குரோவ் என்ற சின்னக் கிளப்பில் ஆடிக்கொண்டே செயலாளர் வேலையும் பார்த்தார், 1880இல் குயின்ஸ் பார்க்குக்குப் போய் அங்கேயும் செயலாளர் ஆனார். அமெச்சூர் என்றால் என்ன என்பதற்கு குயின்ஸ் பார்க்கைவிட வேறு உதாரணம் வேண்டாம், 2019 வரை ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்காத கிளப். லண்டனில் ஸ்விஃப்ட்ஸ், கொரிந்தியன் என்று இதே ஜாதிக் கிளப்கள்தான். இங்கிலாந்தில் காசு வாங்கி ஆடலாம் என்று சட்டப்படி ஒப்புக்கொண்டதே 1885இல்.

பழந்தாள்:

அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது என்பதையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது நஷ்டஈடாக 2 கோடிப் பவுண்டு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு. யாருக்கு எவ்வளவு என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஒரு தரவுத்தளமே வைத்திருக்கிறது, இலவசம். கயானாவில் சர்க்கரைத் தொழில் செய்த குடும்பங்களைத் தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆண்ட்ரூ பிறந்தபோது அங்கே அடிமை முறை முற்றிலும் ஒழிந்து 18 வருஷம் ஆகியிருந்தது. ஒழிந்த 1838இலேயே தோட்டங்களுக்குக் கல்கத்தாவிலிருந்து முதல் கூலிக் கப்பல்கள் போய்விட்டன, சில வருஷம் கழித்துச் சென்னையிலிருந்தும். அவர்களின் பேரப்பிள்ளைகளை இன்றும் அங்கே மதராசி என்றுதான் சொல்கிறார்கள். அது தனி இழைக்கான சங்கதி.

மூன்றாம்விசில்:

ஒரு சந்தேகம் பாக்கி. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரை எப்படி மறந்தார்கள்? இங்கிலாந்தில் ஆடிய ஆர்தர் வார்ட்டன்தான் முதல் கறுப்பின வீரர் என்று நானே பல வருஷம் கேட்டிருக்கிறேன்.

கரையோரன்:

வார்ட்டன் தொழில்முறை ஆட்டக்காரர், இவருக்குச் சில வருஷம் பிந்தியவர். ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் 1880-81 ஆண்டு மலரில் வாட்சனைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. வேகம், தடுப்பாட்டம், உதையின் பலம் என்று எல்லாம் புகழ்ந்திருக்கிறார்கள். நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னால் வந்தவர்கள் பெயரைப் படித்தார்கள், படத்தைப் பார்க்கவில்லை. பழைய குழுப் படம் கண்ணில் பட்ட பிறகுதான் யாரப்பா இவர் என்று கேட்கவே ஆரம்பித்தார்கள்.

மூன்றாம்விசில்:

நிலவரம் சொல்லிவிடுகிறேன். ஆர்மர், டைலர் என்று தேடினேன், இரண்டே தேடலில் இரண்டு பதிவும் வந்துவிட்டன. மொத்தம் மூன்று பவுண்டு. அச்செடுத்து, இறந்த தேதியையும் ஊரையும் கீழே எழுதிப் பையனிடம் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அவன் தாளைப் பார்க்கவே இல்லை. "அப்போ அந்தப் புள்ளி சார்?" என்றான். கொடுத்தாச்சு. இப்போது இரண்டு அணியும் சமம். ஜெயித்தவர்கள் கோப்பையைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். இதை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

சாக்பீஸ்:

1881 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் தேடுங்கள். வாட்சனின் குயின்ஸ் பார்க் டம்பார்ட்டனை 2-1 ஜெயித்தது. கூட்டம் மைதானத்துக்குள் வந்துவிட்டது என்று டம்பார்ட்டன் முறையிட, மறு ஆட்டம் வைத்தார்கள். அதிலும் குயின்ஸ் பார்க்தான், 3-1. பேசாமல் மறு ஆட்டம் வைத்துவிடுங்கள் சார்.