மலை ஜீப்புக்கு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்: அளவு, அதிர்வு, உடைப்பு – உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

மன்னவனூரிலிருந்து:

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்பது கியர் பாக்ஸ் பக்கத்துச் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் குழாய். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றுகிற பழைய ஜீப்புகளில் கம்பெனி அளவிலேயே நிற்கும் வண்டி அபூர்வம். ஒருவர் ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்த்திருப்பார். ஒருவர் நீளமான ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைப்பது) போட்டிருப்பார். இன்னொருவர் வேறு வண்டியின் கியர் பாக்ஸையே இறக்கி வைத்திருப்பார். அப்படி மாறிப்போன வண்டிக்குக் கடையில் போய் "மஹிந்திரா 540 ஜீப்புக்குப் பின்பக்க ஷாஃப்ட் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தால் அது பொருந்தும் என்று எந்த உறுதியும் இல்லை. வண்டியின் பேரைச் சொல்லி வாங்காமல், அளவைச் சொல்லி வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வண்டிக்கு வந்த தொல்லையை முதலில் சொல்கிறேன். கிளட்ச் வேலைக்காக ஒரு பட்டறையில் ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டினார்கள். அதற்குப் பிறகு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொட்டாலே காலுக்குக் கீழே தகடு முழுக்க அதிரும். பார்த்தவர்கள் எல்லோரும் வீல் பேலன்ஸ் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. டிஃப்ரன்ஷியல் விகிதம் 4.88 என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் கிட்டத்தட்ட ஐந்து சுற்று சுற்றிவிடும். அதனால் சக்கரக் கோளாறு 'தடக் தடக்' என்று மெதுவாக ஸ்டீயரிங்கிலோ சீட்டிலோ தெரியும். ஷாஃப்ட் கோளாறு பொடிப்பொடியாக 'விர்ர்' என்று தெரியும். எங்களுடையது இரண்டாவது வகை. சமதளத்தில் அதே வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பார்த்தேன் (மலை இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது). எஞ்சின் சத்தம் அடங்கியது, அதிர்வு அடங்கவில்லை. ஆக எஞ்சினும் கிளட்சும் காரணமில்லை.

ஷாஃப்ட்டில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவியதும் விஷயம் புரிந்தது. ஸ்லிப் யோக்கிலும் (நீளம் கூடிக் குறைய உள்ளே வெளியே நகரும் பல் வைத்த முனை) குழாயிலும் இருக்கும் அம்புக்குறிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. உருவி எடுத்ததை மறுபடி நுழைக்கும்போது பல் மாறி நுழைத்திருக்கிறார்கள். கிராஸ் ஜாயின்ட் (ஷாஃப்ட் முனையை வளைந்து சுற்றவிடும் சிலுவை வடிவ இணைப்பு) ஒரு கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகிற வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடி இரண்டு முறை குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனையில் இருக்கும் கிராஸ் சரிசெய்ய வேண்டுமானால், ஷாஃப்ட்டின் இரண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இரண்டு முனையிலும் கோணமும் சமமாக இருக்க வேண்டும். அம்புக்குறியை நேராக்கி மாட்டினேன். ஒரு சாமான்கூட வாங்கவில்லை, அதிர்வு போய்விட்டது. கழற்றுவதற்கு முன்பே பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

கூடலூரிலிருந்து:

அண்ணா, நல்ல விஷயத்தை ஆரம்பித்திருக்கிறீர்கள். எங்கள் பட்டறைக்கு அதிகம் வருவது மாருதி ஜிப்ஸிதான். அதில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனியாகத் தொங்குவதால் ஷாஃப்ட் மூன்று: கியர் பாக்ஸிலிருந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு குட்டை ஷாஃப்ட், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின் ஷாஃப்ட்டை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு "கிராஸ் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்கள் அந்தக் குட்டை ஷாஃப்ட்டைத் தொடுவதே இல்லை.

ஒரு எஸ்டேட் வண்டி, உயர்த்திய ஜிப்ஸி. மழைத்தண்ணீர் அரித்த பள்ளத்தில் முன்சக்கரம் தொங்கியதும் முன் ஷாஃப்ட் ஸ்லிப்பிலிருந்து கழன்று வந்துவிட்டது. வண்டி தரையில் நின்றபோது அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது அந்த நீளம் எவ்வளவு கூடும் என்று யாரும் பார்க்கவில்லை. நாங்கள் இப்போது மூன்று நிலையில் எடுக்கிறோம். முதலில் வண்டி சமதளத்தில், வழக்கமாக ஏற்றும் சரக்கோடு, தன் சக்கரத்தில் நிற்கும்போது. லிஃப்டில் தூக்கியோ சேஸிஸுக்கு முட்டுக்கொடுத்தோ எடுத்த அளவு இதற்கு உதவாது, அச்சு கீழே தொங்கிவிடும். அப்புறம் சேஸிஸைத் தூக்கிச் சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு ஒரு அளவு. கடைசியாக, பம்ப் ஸ்டாப்பில் (அச்சு மேலே ஏறும்போது தடுக்கும் கட்டை) முட்டும் அளவுக்கு அச்சை மேலே ஏற்றி ஒரு அளவு. தொங்கும்போது பல் போதுமான அளவு உள்ளே இருக்க வேண்டும், முட்டும்போது ஸ்லிப் அடியில் இடிக்கக் கூடாது. இடித்தால் அந்த அடி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கிலும் பினியன் (அச்சுக்குள் ஷாஃப்ட் சுற்றும் பல்சக்கரம்) பேரிங்கிலும்தான் போய் விழும். அது பெரிய செலவு.

கோத்தகிரியிலிருந்து:

நான் மெக்கானிக் இல்லை, தேயிலை இலை ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறேன். கீழ்க்கோத்தகிரி பக்கம் மண் ரோட்டில் மெதுவாகப் போகும்போது மட்டும் பின்னால் சிட்டுக்குருவி போல 'கீச் கீச்' என்று கேட்டது. வேகம் எடுத்தால் கேட்காது. படுத்துப் பார்த்தால் கிராஸின் ஒரு கப் (அதன் நாலு முனைகளை மூடும் பேரிங் கிண்ணம்) ஓரத்தில் செந்தூள் படிந்திருந்தது. உள்ளே கிரீஸ் போய், தண்ணீர் இறங்கி, நீடில் பேரிங் துருப்பிடித்துப் பொடியாகிறது என்று அர்த்தமாம். கிரீஸ் அடித்தபோது மூன்று கப்பில் பழைய கிரீஸ் வெளியே வந்தது, அந்த நாலாவதில் மட்டும் வரவில்லை. கழற்றிய பிறகு பார்த்தால் அந்த முனை தேய்ந்து கோடு விழுந்திருந்தது. நாலு கப்பிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிக்க வேண்டும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று. காய்ந்த தார் ரோட்டில் நாலு வீல் டிரைவைப் போட்டே ஓட்டாதீர்கள். ஊட்டி–மசினகுடி ரோட்டில் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி. ஒவ்வொரு திருப்பத்திலும் முன் அச்சும் பின் அச்சும் ஓடுகிற தூரம் வேறுவேறு. மண்ணிலோ சேற்றிலோ சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, முறுக்கு முழுக்க கிராஸில் ஏறும். அப்படிப் போய் உடைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன்.

தாண்டிக்குடியிலிருந்து:

உடைந்தால் எப்படி வீடு வந்து சேர்வது என்று யாரும் எழுதவில்லையே. பண்ணைக்காடு போகும் வழியில் எங்கள் சித்தப்பா வண்டியில் பின் கிராஸ் போனது. இரண்டு பக்கமும் ஃப்ளேஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) கழற்றி ஷாஃப்ட்டை வண்டிக்குள்ளே போட்டுவிட்டு, நாலு வீலில் தள்ளி, முன் ஷாஃப்ட் ஒன்றிலேயே ஓட்டி வந்தோம். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்வதால் முன்சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. சரக்கை இறக்கி, அந்த ஒரு செங்குத்தை ரிவர்ஸில் ஏறினோம். ஸ்லிப் யோக் நேராக ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைகிற வண்டியில் இப்படிச் செய்தால் ஆயில் கொட்டிவிடும், ஓட்டையை அடைக்க வழி வேண்டும்.

இதைவிட முக்கியம்: ஷாஃப்ட்டில் கை வைப்பதற்கு முன் நாலு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். பின் ஷாஃப்ட் போனால் கியரில் போட்ட வண்டியும் நிற்காது. பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் கை பிரேக் ட்ரம்மும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் இருக்கிறது, அதனால் கை பிரேக்கும் பிடிக்காது. சரிவில் ஷாஃப்ட்டுக்குக் கீழே படுத்திருப்பவர் உயிரையே இழக்கும் விஷயம் இது.

மன்னவனூரிலிருந்து:

தாண்டிக்குடி தம்பி சொன்னதை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள்.

கோணம் பற்றிக் கேட்டு ஒருவர் தனியாக எழுதியிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோணமானி இருந்தால் நல்லது, போனில் இருக்கும் லெவலும் போதும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஃப்ளேஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃப்ளேஞ்ச் மூன்றிலும் வைத்துப் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் 3 டிகிரி, ஷாஃப்ட் 11, பினியன் 5 என்று வைத்துக்கொள்வோம். மேல் கிராஸில் 8, கீழ் கிராஸில் 6. இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். இங்கே பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே 2 டிகிரி ஆப்புத் தகடு வைத்து பினியனை 3-க்குத் திருப்பினால் சமமாகிவிடும். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் வண்டிக்கு 3 டிகிரிக்குள் இருப்பதுதான் கிராஸுக்கு நல்லது. மலையில் மெதுவாக உழைக்கும் வண்டி இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். சுத்தமாகப் பூஜ்யமும் வேண்டாம், அரை டிகிரியாவது இருந்தால்தான் நீடில்கள் உருளும். இல்லையென்றால் ஒரே இடத்தில் பள்ளம் விழும்.

ரொம்ப உயர்த்திய வண்டிக்கு மேல் முனையில் இரட்டைக் கிராஸ் போடலாம். அப்போது கணக்கே வேறு: பினியன் ஷாஃப்ட்டை நேராகப் பார்க்க வேண்டும், சமக் கோணம் தேடக் கூடாது. பட்டை வண்டியில் இழுக்கும்போது பினியன் மூக்கு மேலே தூக்கும் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி கீழே வைப்பார்கள். என்னைக் கேட்டால், சரக்கு வண்டிக்கு இது தேவையில்லை. உயரத்தைக் குறைத்து, கிரீஸ் நிப்பிள் உள்ள சாதாரண கிராஸ் போடுவதே போதும். நிப்பிள் இல்லாத கிராஸுக்கு நடுவில் துளை கிடையாது, அதனால் பலம் கூடுதல்தான். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் தினமும் தண்ணீரில் இறங்கும் வண்டியில் பழைய கிரீஸை வெளியே தள்ள ஒரு வழி இருக்க வேண்டும்.

லேத்தில் குழாயை வெட்டி நீட்டினால் பேலன்ஸ் செய்யாமல் வாங்காதீர்கள். மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்ப வேண்டி வந்தாலும் அனுப்புங்கள். கொடுக்கும்போது சீட்டில் எழுத வேண்டியவை: கூடலூர்த் தம்பி சொன்ன மூன்று நிலையிலும் கிராஸ் நடு முதல் கிராஸ் நடு வரை எடுத்த நீளம், வெர்னியரில் அளந்த கப்பின் விட்டமும் கிராஸின் மொத்த அகலமும், ஃப்ளேஞ்ச் போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, குழாய்க்கும் சைலன்சருக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடம். குழாய் பருமன் கூடினால் வேகத்தில் வளைந்து துடிப்பது குறையும், ஆனால் அச்சு மேலே ஏறும்போது சட்டத்தில் உரசக் கூடாது.

புது ஜிம்னியை உயர்த்தி, மஞ்சூர், குந்தா பக்கம் ஓட்டுபவர்கள் யாராவது இருந்தால் முன் ஷாஃப்ட் கோணத்தை அளந்து இங்கே போடுங்கள். சுருள் ஸ்பிரிங் வண்டியின் அளவு இதுவரை ஒருவரும் எழுதவில்லை.