புதுப்பிப்பு: கொதித்த மினி பிசி ஒரு வழியாக அடங்கியது

போன மாதம் புலம்பியிருந்தேனே, யாங்கோன் ஏப்ரல் வெயிலில் என் மினி பிசி (சின்னப் பெட்டிக் கணினி) வீடியோ எடிட் செய்யும்போது 98 டிகிரி செல்சியஸுக்குப் போய், வேகம் குறைந்து நத்தையாகிவிடுகிறது என்று. அதன் தொடர்ச்சி இது.

முதலில் பிரித்துப் பார்த்தேன். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். பிராசஸர் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் (சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசை), வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு காய்ந்தது போல உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகப் பயறு அளவு வைத்தேன். 86க்கு இறங்கியது.

அப்புறம் வெளியே வைக்க ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி. 12 வோல்ட் விசிறியை யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓட்டினால் மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் சத்தமே இல்லை. (சில விசிறிகள் 5 வோல்ட்டில் அசையவே அசையாது. வாங்கும்போதே ஓட்டிப் பாருங்கள்.) மேலே வைத்து ஊதவிட்டேன், ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. என் பெட்டி அடியில் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிற வகை. அதனால் விசிறியை நான்கு பாட்டில் மூடி மேல் தூக்கி, பெட்டிக்கு அடியில் மேல்நோக்கி ஊதும்படி வைத்தேன். இப்போது 74.

பெட்டியின் மேல்மூடியைக் கழற்றிவிட்டால் சூடு குறையும் என்று சொன்ன அண்ணனுக்கு: அதையும் செய்து பார்த்தேன். காற்று தகடுகள் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் நழுவி, சூடு ஏறத்தான் செய்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே தொல்லை, கணினியை அணைத்த பிறகும் யுஎஸ்பியில் மின்சாரம் வந்து விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) அதை நிறுத்தும் வசதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.