உபுண்டு, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில், கோப்புப் பெயர்களை மாற்றும் ‘ரீநேம்’ கட்டளை வெவ்வேறாக நடந்துகொள்வது ஏன்? வேண்டாதவற்றை நீக்குவது எப்படி?

தொப்பூர் வாசகர்:

நண்பர்களுக்கு வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள நடுகற்களை நாங்கள் சிலர் படமெடுத்துத் தொகுத்து வருகிறோம். கேமரா தானாக இட்ட முன்னெழுத்துகளை நீக்கிவிட்டு, கோப்புப் பெயரின் முதலில் ஊர்ப்பெயர் வருமாறு மாற்ற வேண்டும். உபுண்டு கணினியில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ரீநேம்’ என்று நிறுவிக்கொண்டதும் பெயர்கள் சரியாக மாறின. அதே கட்டளை வரியை ஃபெடோரா மடிக்கணினியில் கொடுத்தபோது பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, பெயர்களும் மாறவில்லை. இதற்கிடையே ஆளுக்கொரு கருவியைப் பரிந்துரைத்ததால் எம்எம்வி, ரீநேம்யூட்டில்ஸ், கேரீநேம் ஆகியவையும் உபுண்டுவில் ஏறியுள்ளன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினால் வேறு நிரல்கள் பாதிக்கப்படுமா? ‘ரிமூவ்’, ‘பர்ஜ்’ இரண்டில் எதைப் பயன்படுத்த வேண்டும்?

அரூர் பயனர்:

ஐயா, பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு தனித்தனி நிரல்கள். உபுண்டுவில் நீங்கள் நிறுவியது லாரி வால் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலின் வழிவந்தது. முன்பு பெர்ல் தொகுப்புடனேயே வந்த அது பின்னர் தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டதால், உபுண்டு 18.04 முதலான பதிப்புகளில் நாமே நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஃபெடோராவில் அதே பெயரில் இருப்பது யுடில்-லினக்ஸ் தொகுப்பின் நிரல். அதற்குச் சுருங்குறித்தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன், தேட வேண்டிய எழுத்துகளின் வடிவத்தைக் குறிகளால் சொல்லும் முறை) தெரியாது. பழைய சொல், புதிய சொல், கோப்புகள் என்ற வரிசையை மட்டுமே அது எதிர்பார்க்கிறது. நீங்கள் கொடுத்த பெர்ல் கோவை முழுவதையும் அது ‘பழைய சொல்’ என்று எடுத்துக்கொண்டு, எந்தக் கோப்புப் பெயரிலும் அதைக் காணாததால் பேசாமல் முடித்துவிட்டது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் பெர்ல் நிரல் அதைச் சொல்லிவிட்டு மாற்றாமல் விடும். யுடில்-லினக்ஸ் நிரலோ ‘--நோ-ஓவர்ரைட்’ என்று கேட்டாலொழிய இருக்கும் கோப்பின் மேலேயே எழுதிவிடும். மறுபடி எடுக்க முடியாத படங்கள் என்பதால் ஃபெடோராவிலும் ‘சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் பிரீநேம்’ என்று பெர்ல் நிரலை நிறுவி, ‘பிரீநேம்’ என்ற பெயரால் அழைப்பதே நல்லது. எந்தக் கணினியானாலும் முதலில் ‘-என்’ தெரிவுடன் ஓட்டி, என்ன மாறப்போகிறது என்பதைப் பார்த்த பிறகே உண்மையில் மாற்றுங்கள்.

ஓசூர் நிர்வாகி:

நீக்குவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட கருவிகளை வேறு நிரல்கள் சார்ந்திருப்பது அரிது. ஐயமிருந்தால் ‘ஆப்ட் -எஸ் ரிமூவ்’ என்று கொடுத்தால், எதையும் தொடாமல், எவையெல்லாம் நீங்கும் என்ற பட்டியலை மட்டும் காட்டும். ‘ரிமூவ்’ நிரலை நீக்கி அதன் கணினி அளவிலான அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ அவற்றையும் நீக்கும். இத்தகைய சிறு கருவிகளுக்கு அது பெரிய வேறுபாடில்லை. உங்கள் இல்ல அடைவில் உள்ள அமைவுகளை இரண்டுமே தொடுவதில்லை. கேரீநேம் மட்டும் கேடிஈ என்ற திரைச்சூழலின் நூலகங்கள் பலவற்றைத் துணைக்கு அழைத்து வந்திருக்கும். அதை நீக்கிய பின் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுங்கள், ஆனால் அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்த வேண்டாம். எதை எப்போது நிறுவினீர்கள் என்பது மறந்திருந்தால், ஆப்ட்டின் பதிவேட்டு அடைவிலுள்ள ‘ஹிஸ்டரி.லாக்’ கோப்பில் அது தேதியுடன் இருக்கும். ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி’ அதே பணியைச் செய்வதோடு, ‘அண்டூ’ என்று சேர்த்துக் கொடுத்தால் அந்த நிறுவலையே திரும்பப் பெறும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஃபெடோராவின் பழைய ‘ரீநேம்’ வேண்டாம் என்பதற்காக யுடில்-லினக்ஸை நீக்க முயல வேண்டாம். கணினியின் அடிப்படைக் கட்டளைகள் பல அதில் இருக்கின்றன. வேண்டாத கருவிகளை நீக்கிய பிறகும் முனையம் பழைய பாதையையே தேடி ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று சொன்னால் அஞ்ச வேண்டாம். ‘ஹாஷ் -ஆர்’ கொடுத்தால், முனையத்தில் கட்டளைகளை ஏற்று இயக்கும் ‘பாஷ்’ நிரல் தன் நினைவில் வைத்திருக்கும் பாதைகளை மறந்துவிடும்.

பாலக்கோடு வாசகர்:

ரீநேம்யூட்டில்ஸை அவசரப்பட்டு நீக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதிலுள்ள ‘க்யூஎம்வி’ கோப்புப் பெயர்களை உரைத்தொகுப்பியில் திறந்து தரும். ஊர்ப்பெயர் படத்துக்குப் படம் மாறும்போது, சுருங்குறித்தொடருடன் போராடுவதைவிட அது எளிது.

தொப்பூர் வாசகர்:

நன்றி. எம்எம்வியையும் கேரீநேமையும் நீக்கிவிட்டேன். இன்னொரு சிக்கல்: ‘பொம்மிடி’ என்று முனையத்தில் தேடினால் பழைய மேக் கணினியிலிருந்து நண்பர் கொடுத்த படங்கள் மட்டும் வருவதில்லை. பெயர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறது.

அரூர் பயனர்:

ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். ‘கான்வ்எம்வி’ என்ற தொகுப்பை நிறுவி, மூலக் குறியாக்கம், இலக்குக் குறியாக்கம் இரண்டையும் யுடிஎஃப்-8 என்று கொடுத்து, பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் ‘--என்எஃப்சி’ தெரிவுடன் ஓட்டுங்கள். அது இயல்பாகவே ஒத்திகை மட்டும் பார்க்கும்; ‘--நோடெஸ்ட்’ சேர்த்தால்தான் மாற்றும். கோப்பின் பெயர் மட்டுமே இதனால் மாறும் என்பதால், நடுகற்களின் பட்டியலை நண்பர் அதே மேக்கில் கோப்புப் பெயர்களை நகலெடுத்துத் தயாரித்திருந்தால், அதிலுள்ள ஊர்ப்பெயர்களையும் தனியே சரிசெய்ய வேண்டும்.