ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் தானாக வெளியே தள்ளிய கதைகள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

நானே தொடங்கிவைக்கிறேன். கோவையில் ஒரு தணிக்கை அலுவலகத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். இருபது பேர் ஒரே சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது தங்கள் திரையிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து, வேலை செய்கிறார்கள். அப்படி ஒருவர் நுழைந்து வேலை செய்வதுதான் ஒரு ‘செஷன்’. செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு. அதற்கு முந்தைய வாரம் ஒரு காலையில், மூத்த கணக்காளர் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “தம்பி, ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று டேட்டா இறக்குமதியைப் போட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் மூடிக் கிடக்கிறது!”

ஐடில் டைம்அவுட்தான், அதாவது யாரும் எதையும் தொடாமல் இருந்தால் துண்டிக்கும் நேர வரம்புதான், என்று உடனே முடிவு கட்டினேன். சர்வர் மேனேஜரில் ஐடில் வரம்பை ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன். மறுநாளும் அதே புகார். இந்த முறை அம்மா ‘தம்பி’ என்றுகூடக் கூப்பிடவில்லை.

அதன்பிறகுதான், விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், செஷன்களின் வரவு போக்கைக் குறித்துவைக்கும் லோக்கல் செஷன் மேனேஜர் பதிவைத் திறந்தேன். முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டியது அது. மாலை 7:12க்கு ஈவென்ட் 24, அதாவது இணைப்புத் துண்டிப்பு. 8:12க்கு ஈவென்ட் 23, லாக்ஆஃப். இடையில் அச்சாக ஒரு மணி நேரம். அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடியிருக்கிறார். அந்த நொடியே அது ஐடில் கணக்கிலிருந்து விலகி, ‘துண்டிக்கப்பட்ட செஷன்’ என்ற வேறு கணக்குக்குப் போய்விடுகிறது. அந்தக் கணக்குக்கு வைத்த நேரம் முடிந்ததும் செஷனே முடிக்கப்படும். உள்ளே இறக்குமதி ஓடுகிறதா என்று சர்வர் பார்க்காது.

எந்தெந்தப் பாலிசி அமலில் இருக்கிறது என்று காட்டும் ஜிபி ரிசல்ட் அறிக்கை எடுத்தபோது மிச்சமும் விளங்கியது. எனக்கு முன்னால் இருந்தவர் குரூப் பாலிசியில் (கணினிகளுக்கும் பயனர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் வசதி), கம்ப்யூட்டர் பகுதியில், துண்டிக்கப்பட்ட செஷனுக்கு ஒரு மணி நேரம் வைத்திருந்தார். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அது 3600000 என்று மில்லி நொடியில் உட்கார்ந்திருந்தது. பாலிசி அங்கே இருக்கும்வரை சர்வர் மேனேஜரில் எதை மாற்றினாலும் எடுபடாது.

*

எங்கள் மருத்துவமனையில் பாலிசி எதுவுமே வைக்கவில்லை, ஆனாலும் சும்மா விட்டால் அரை மணிக்கு ஒருமுறை அறுந்துகொண்டிருந்தது. ஐடில் வரம்பால் துண்டிக்கும்போது இரண்டு நிமிடம் முன்பே திரையில் எச்சரிக்கை வரும். எங்களுக்கு அது வரவே இல்லை. திரை உறைந்து நின்று, மறுபடி இணைக்க முயல்வதாகச் செய்தி மட்டும் வந்தது. துண்டிப்பின் காரணத்தைச் சொல்லும் ஈவென்ட் 40இல் காரண எண் 3 என்றால் ஐடில் வரம்பு. எங்களுக்கு 0. கடைசியில் பார்த்தால், நடுவில் இருந்த ஃபயர்வால்தான் போக்குவரத்து இல்லாத இணைப்புகளைச் சத்தமில்லாமல் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தது. பாலிசியில் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு தகவல்) இடைவெளியை 1 நிமிடமாக வைத்தோம். அதன்பின் ஒரு புகாரும் இல்லை.

*

எனக்கு வந்த புகார், “15 நிமிடத்தில் வெளியே தள்ளிவிடுகிறது.” போய்ப் பார்த்தால் வெறும் திரைப் பூட்டு! கணினி செயலற்றிருக்கும் வரம்பை யாரோ 900 நொடி என்று வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு போட்டால் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. இதற்கு அரை நாள் போயிற்று.

*

தம்பிகளா, கோபத்தில் வரம்பையெல்லாம் எடுத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து மாட்டியிருக்கிறேன். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்கான செஷன் ஹோஸ்ட் அமைக்காத சாதாரண சர்வரில் நிர்வாகத்துக்கு இரண்டு செஷன்தான். ஒரு ஞாயிறு இரவு அவசரமாக நுழையப் போனால், இரண்டையும் யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கியூயூசர் கட்டளையில் ஒருவரின் ஐடில் நேரம் 6+02:41 என்று காட்டியது. ஆறு நாள்! ஆள் ஊரிலேயே இல்லை.

*

தொடங்கியவன்தான். ஐயா சொன்னது போல வரம்பை அடியோடு எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் பகுதியில் இருந்தால் பயனர் பகுதியில் வைப்பது செல்லாது. அதனால் அங்கே நீக்கிவிட்டு, பயனர் பாலிசியில் மற்றவர்களுக்கு 1 மணி நேரம், கணக்குப் பிரிவுக்கு 1 நாள் என்று பிரித்தேன். இரவு இறக்குமதியை, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், யாரும் லாக்இன் செய்யாவிட்டாலும் ஓடும்படி போட்டாயிற்று. அம்மா அதை இன்னும் நம்பவில்லை. ஜன்னலை மூடாமல், மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.